விளையாடுபவரிடம் எதையும் கேட்காத விளையாட்டு: உருவாக்கும் முறை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் கைத்தொலைபேசி பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரிய பொருளாக இருப்பதில்லை. பகலில் அம்மாவின் கையில் இருக்கும் அதே போனில்தான் மாலையில் பிள்ளைகள் பாடக் குறிப்புகளைப் பார்க்கிறார்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணனின் அழைப்பும், வங்கியின் குறுஞ்செய்தியும், அடகு வைத்த நகைக்கான நினைவூட்டலும் வருவது அதற்கே. அந்தப் போனில் பிள்ளை விரும்பி இறக்கிய இலவச விளையாட்டொன்று, போனின் விளம்பர அடையாள எண்ணையும், அது எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் பயன்படுகிறது என்பதையும், இணைய முகவரியிலிருந்து ஊகிக்கக்கூடிய ஊரையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், வெளியே போவது ஒரு பிள்ளையின் விவரம் மட்டுமன்று, அந்த வீட்டாரின் விவரமும்தான்.

அப்படி எதையும் அனுப்பாத ஒரு சிறிய ஆண்ட்ராய்டு விளையாட்டை, ஒருவர் தனியாகவோ நண்பர்கள் இருவர் சேர்ந்தோ உருவாக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படித்து, நிரல் எழுதுவதில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். "உங்கள் தகவல்களைச் சேகரிக்க மாட்டோம்" என்று எழுதி வைப்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவர் மனம் மாறலாம், செயலியே வேறொருவருக்கு விற்கப்படலாம். சேகரிக்கவே வழியில்லாதபடி செயலியைக் கட்டி, அதை எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக வைப்பதே உறுதியான முறை என்பது என் கருத்து. இதில் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பொகவந்தலாவைப் பக்கமோ மஸ்கெலியாப் பக்கமோ ஒரு வளைவைத் தாண்டினால் சிக்னல் போய்விடும் தோட்டங்கள் பல இருக்கின்றன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது இணையவழிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் மேட்டு மலைகளில் ஏறி நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். இணையமே தேவைப்படாத விளையாட்டு அங்கெல்லாம் தடையின்றி ஓடும். ரீலோட் காசையும் தின்னாது.

கருவிகளைத் தெரிவு செய்தல்

கேம் என்ஜினாக, அதாவது விளையாட்டைக் கட்டியெழுப்பும் அடிப்படை மென்பொருளாக, நான் பரிந்துரைப்பது கொடோ. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மான்சூர் ஆகிய இருவர் உருவாக்கிய இந்த மென்பொருள், 2014 பெப்ரவரியில் எவரும் பயன்படுத்தவும் பிரதியெடுக்கவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் கீழ் மூலநிரலோடு வெளியிடப்பட்டது. கணக்குத் திறக்கவோ மின்னஞ்சல் முகவரி கொடுக்கவோ தேவையில்லை. சுருக்கக் கோப்பை இறக்கி விரித்து, உள்ளே இருப்பதைச் சொடுக்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுமதி செய்ய மட்டும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் தொகுதியும், ஜாவாவின் ஜேடிகே தொகுப்பும், ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பும் கூடுதலாக வேண்டும். இவை அளவில் பெரியவை என்பதால், இரவு நேர டேட்டா உள்ள பெக்கேஜிலோ, ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் நல்ல இணைப்புள்ள இடத்திலோ ஒருமுறை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. கொடோவை அப்படிப் பிரதியெடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பதை அதன் உரிமம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

என்ஜின் யாருடையது என்பது ஏன் முக்கியம் என்பதற்கு யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினின் கதை ஒரு சான்று. 2023 செப்டெம்பரில் அதன் நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, அவை ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அதை முதலில் தளர்த்தி, 2024 செப்டெம்பரில் முற்றாகக் கைவிட்டது. கட்டணத்தைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள். எனக்கு அதில் உறுத்தியது வேறு: நிறுவலுக்குக் கட்டணம் என்றால், எங்கோ ஒருவர் தம் போனில் நம் விளையாட்டை நிறுவினார் என்பதை என்ஜின் நிறுவனம் ஏதோ ஒரு வழியில் கணக்கிட வேண்டியிருக்கும். நாம் எழுதாத ஒரு கண் நம் விளையாட்டுக்குள் இருப்பதை நான் விரும்பவில்லை.

தமிழுக்கு, கொடோவின் 4 ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது கட்டாயம். 3 ஆம் பதிப்புவரை அதன் எழுத்துக் காட்சியமைப்பு தமிழ் போன்ற எழுத்துமுறைகளைக் கையாளவில்லை. "கொழுந்து" என்று எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0 இல் இது சரிசெய்யப்பட்டது. "கொழுந்து", "கௌரவம்", "ஸ்ரீ" ஆகிய மூன்று சொற்களைத் திரையில் இட்டுப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் ஒன்றை விளையாட்டுக்குள்ளேயே வைத்து, அதன் உரிமக் கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து எழுத்துருவை அழைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். இலங்கையில் நம்மில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில்தான் தட்டச்சுச் செய்கிறோம். கதையையோ உரையாடலையோ அப்படி எழுதி வாங்கியிருந்தால் யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே விளையாட்டில் சேர்க்க வேண்டும்.

படம் வரைய கிரிட்டாவும், புள்ளிப் படங்களுக்கு பிக்ஸலோராமாவும் போதும். பிக்ஸலோராமா கொடோவிலேயே கட்டப்பட்டது. ஒலித் தொகுப்புக்கு ஓடாசிட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 2021 இல் அது மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனபின், பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கும் முன்மொழிவொன்று எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அதன் விளைவாகக் கிளைத்த டெனாசிட்டி என்ற மாற்று மென்பொருளும் உண்டு. ஓடாசிட்டியை எடுத்தால் அதன் அமைப்புகளில் "புதுப்பிப்பைச் சரிபார்" என்பதை அணைத்துவிடுங்கள். மூலநிரல் திறந்திருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அது மட்டுமே உத்தரவாதம் ஆகாது. ஒரு கருவியை நம்பலாமா என்று பார்க்க எளிய சோதனை, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு அதில் முழு வேலை நாள் ஒன்றைச் செய்து பார்ப்பது. எந்தக் கருவி முறையிடுகிறதோ, எது திறக்க மறுக்கிறதோ, அதற்கு மாற்றுத் தேடத் தொடங்கலாம்.

நிரலைப் பாதுகாக்க, அதன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். நண்பர்கள் இருவர் ஒரே தோட்டத்தில் இருந்தால், சின்க்திங் என்ற மென்பொருள் இரண்டு கணினிகளுக்கிடையே வீட்டு வைஃபை வழியாகவே கோப்புகளை ஒத்திசைத்துவிடும். வெளியே வைக்க விரும்பினால், பெர்லினில் இலாப நோக்கற்ற சங்கமாக நடத்தப்படும் கோட்பெர்க் என்ற தளம் நல்ல இடம். ஆனால் ஒன்று: கிட்டில் நீங்கள் பதியும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஒவ்வொரு பதிவோடும் ஒட்டிக்கொள்ளும், பொதுவில் வைத்தபின் அவற்றை அழிப்பது மிகக் கடினம். கோட்பெர்க்கின் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும்படி குறித்தால் அது ஒரு மாற்று முகவரியைத் தரும். முதல் பதிவுக்கு முன்பே அதைக் கிட்டில் இட்டுவிடுங்கள். விளையாடுபவரின் தனியுரிமையைப் பேசும் நாம் உருவாக்குபவரின் தனியுரிமையை மறந்துவிடுகிறோம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீட்டு முகவரியோடு வாழும் ஓர் இளம் பெண் தன் முதல் விளையாட்டை வெளியிடும்போது, அவள் பெயரும் ஊரும் அவள் விருப்பமின்றி வெளியே போகக்கூடாது.

கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி வடிவமைத்தல்

தனியுரிமை பெரும்பாலும் முடிவாகிவிடுவது நிரல் எழுதும் முன்பே, விளையாட்டு எப்படி நடக்க வேண்டும் என்று தாளில் எழுதும்போதுதான். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தேயிலை மலையில் பனி இறங்கும் காலை நேரம்; விளையாடுபவர் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும்; முத்தல் இலையைத் தொட்டால் நிறுவையில் கழிக்கப்படும்; கூடை நிறைந்ததும் நேரத்துக்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவிட வேண்டும்; அன்றைய கிலோ போதாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். இப்படியொரு விளையாட்டுக்கு என்னென்ன தகவல் தேவை? எத்தனையாவது மலை, எத்தனை கிலோ, எந்தப் பரிசுகள் கிடைத்தன என்பவை மட்டுமே. பிறந்த தேதி, பாடசாலை, உண்மைப் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றில் எதுவும் விளையாட்டை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை.

ஒரே போனை மூவர் பயன்படுத்துவதால், ஒவ்வொருவருக்கும் தனிச் சேமிப்பு வேண்டும் என்ற தேவை உண்மையாகவே எழும். அதற்குப் பெயர் கேட்க வேண்டியதில்லை. கூடை, படங்கு, கேத்தல், சேவல், கவ்வாத்துக் கத்தி என ஐந்தாறு படங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அக்கா கூடை, தம்பி சேவல் என்று வீட்டுக்குள் அவர்களுக்கே தெரியும். வெளியே எவருக்கும் அது பொருள்படாது. அதிகக் கிலோ எடுத்தவர் பட்டியலும் அந்தப் போனுக்குள்ளேயே, அந்தப் படங்களோடே இருக்கட்டும்.

சேமிப்பைக் கொடோவின் பயனர் கோப்புறையில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டில் அது செயலிக்கு மட்டும் உரிய இடத்தில் இருக்கும். அதற்காக எந்த அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போன் மாறும்போது என்ன செய்வது? உடைந்த போனுக்குப் பதில் வேறொன்று வாங்கும்போது, பத்து மலைகளை முடித்த பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் "கிளவுட்" சேமிப்பைச் சேர்க்கிறார்கள். அதோடு கணக்கு, கடவுச்சொல், சேவையகம் எல்லாம் வந்துவிடுகின்றன. பழைய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளில், சேமிக்க இடமில்லாத காலத்தில், திரையில் ஒரு குறிச்சொல்லைக் காட்டி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த முறையை நாம் தமிழில் செய்யலாம்.

செய்முறை இது. பதினாறு உயிர்மெய் எழுத்துகளைத் தெரிந்தெடுங்கள். காதால் கேட்டு எழுதினாலும் குழம்பாதவையாக அவை இருக்க வேண்டும். எனவே ல, ள, ழ குழுவிலிருந்து ஒன்றுக்கு மேல் வேண்டாம், ந, ன, ண குழுவிலும் ர, ற குழுவிலும் அப்படியே. கா, கூ, சே, டி, தோ, பூ, மீ, ரோ போல ஓசையில் விலகி நிற்பவற்றை எடுங்கள். பதினாறு எழுத்து என்பதால் ஒவ்வொன்றும் 4 பிட் சுமக்கும். எட்டு எழுத்துச் சொல் 32 பிட் சுமக்கும். அதில் 5 பிட்டை மலைக்கு ஒதுக்கினால் 32 மலைகள் வரை குறிக்கலாம். 11 பிட்டைக் கிலோவுக்கு ஒதுக்கினால் 2047 வரை போகலாம். 8 பிட்டில் எட்டுப் பரிசுகள் கிடைத்தனவா இல்லையா என்று குறிக்கலாம். மிஞ்சும் 8 பிட்டை, மற்ற பிட்களிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு எண் இருப்பதால், தவறாக எழுதப்பட்ட சொல் தற்செயலாக ஏற்கப்படும் வாய்ப்பு 256 இல் ஒன்றாகக் குறைகிறது. பிள்ளை அந்த எட்டு எழுத்தையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கலாம், அழைப்பில் அண்ணனுக்குச் சொல்லலாம். எழுத்துகளைத் தட்டச்சுச் செய்யச் சொல்லாமல், பதினாறு பொத்தான்களாகத் திரையில் காட்டுங்கள். தமிழ் விசைப்பலகை இல்லாத போனிலும் அது வேலை செய்யும். யாரேனும் சொல்லைக் கணித்து ஏமாற்றலாமே என்று கேட்கலாம். ஏமாற்றட்டும், உலகப் பட்டியல் எதுவும் இல்லாத விளையாட்டில் அதனால் எவருக்கும் இழப்பில்லை.

இருவர் விளையாடும் வசதிக்கு, ஒரே போனை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையையே வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். இரண்டு போன்களை வைஃபை வழியாக இணைக்கும் யோசனை கவர்ச்சியானதுதான். ஆனால் கொடோவின் வலைப்பின்னல் இணைப்பு ஆண்ட்ராய்டில் வேலை செய்ய, அது பக்கத்து அறையில் உள்ள போனுக்கான இணைப்பானாலும், இன்டர்நெட் அனுமதி தேவை. அந்த ஒரு வசதிக்காகக் கதவைத் திறந்தால், "இந்தச் செயலியால் எதையும் அனுப்ப முடியாது" என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறோம்.

சூழலைப் படம் பிடித்து வரைபவர்களுக்கு ஒரு சொல். லயத்தின் சுவரையோ தகரக் கூரையையோ போனில் படமெடுத்துப் பயன்படுத்தும்போது, படக் கோப்புக்குள் எடுத்த நேரமும், இடம் காட்டும் வசதி இயங்கியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப் என்ற குறியை எடுத்துவிட்டால் அவை நீங்கும். ஆள் முகம் தெரியும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். தப்பு மேளத்தின் ஓசையையோ பாட்டியின் தாலாட்டையோ பதிவு செய்து சேர்ப்பதானால், அது எங்கெல்லாம் போகும், பின்னர் எவரும் பிரதியெடுக்கலாம் என்பதை முன்கூட்டியே விளக்கி, அவர் சம்மதித்த பின் பயன்படுத்துங்கள். பாட்டி என்பதற்காகக் கேட்காமல் விடக்கூடாது.

ஏற்றுமதி: கதவை அடைக்கும் இடம்

புரொஜெக்ட் மெனுவில் எக்ஸ்போர்ட்டைத் திறந்து ஆண்ட்ராய்டைச் சேர்த்தால் நீண்ட பட்டியலொன்று வரும். அதில் அனுமதிகள் பகுதியைப் பாருங்கள். கொடோ இயல்பாக எந்த அனுமதியையும் தேர்ந்திருக்காது. இன்டர்நெட் அனுமதியும் நாமாகக் குறி இட்டால் மட்டுமே சேரும். இடாதீர்கள். போன் அதிர வேண்டுமானால் வைப்ரேட் அனுமதியை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு, இடம் அறிதல், கமரா போன்றவற்றுக்கு விளையாடுபவரிடம் சம்மதம் கேட்கும். இன்டர்நெட் அனுமதிக்கு எதையும் கேட்காது. அது "சாதாரண" அனுமதி வகையைச் சேர்ந்தது. நிறுவும்போதே சத்தமின்றிக் கிடைத்துவிடும். அதனால்தான் பாட்டரி விளக்கைப் போன்ற எளிய செயலிகள்கூட இணையத்தோடு பேசிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. விளையாடுபவரிடம் கேட்கப்படாத இடத்தில் முடிவு நம் கையில்தான் இருக்கிறது.

அதே பட்டியலில் பயனர் தரவு காப்புப்பிரதி என்ற அமைப்பும் உண்டு. அதை இயக்கினால், சேமிப்புக் கோப்புகளை ஆண்ட்ராய்டு தன் காப்புப்பிரதியோடு சேர்த்து கூகுள் கணக்குக்கு எடுத்துச் செல்லலாம். இயல்பில் அது அணைந்திருக்கும், அப்படியே விடுங்கள். பழைய போன்களும் நம் ஊரில் புழக்கத்தில் இருப்பதால், 64 பிட் வகையோடு 32 பிட் ஆர்ம் வகையையும் தேர்ந்தெடுங்கள்; காட்சிப்படுத்தும் முறையில் கொம்பாட்டிபிலிட்டி என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையொப்பச் சாவி. ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட வேண்டும். ஜாவாவோடு வரும் கீடூல் என்ற கருவி அதை உருவாக்கும்போது, உங்கள் பெயர், அமைப்பு, நகரம், மாகாணம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்கும். அலுவலகப் படிவம் என்று நினைத்துப் பலர் உண்மை விவரங்களை நிரப்பிவிடுகிறார்கள். நீங்கள் எழுதுவது சான்றிதழில் பதிந்து, விநியோகிக்கப்படும் ஒவ்வொரு பிரதியோடும் போகும். எவரும் அதைத் திறந்து படிக்கலாம். பெயர் இடத்தில் விளையாட்டின் பெயரை எழுதினால் போதும், மற்றவற்றை வெறுமையாக விடலாம். சாவிக் கோப்பு தொலைந்தால் அதே செயலிக்கு உங்களால் புதுப்பிப்பு வெளியிட முடியாது. எனவே ஒரு பிரதியைப் பென் டிரைவில் வேறொரு வீட்டில் வையுங்கள். அதன் கடவுச்சொல்லைக் கீபாஸ் எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருளில் வைக்கலாம்.

இனி, செய்ததைச் சோதிக்க வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். சோதிக்க வேண்டியது கொடோவின் அமைப்புத் திரையை அன்று, வெளியே வந்த ஏபிகே என்ற நிறுவல் கோப்பை. காரணங்கள் இரண்டு. போனை கேபிளில் இணைத்து ஒரே சொடுக்கில் தொலைநிலைப் பிழைதிருத்தத்தோடு ஓடவிடும்போது, கொடோ தானாகவே இன்டர்நெட் அனுமதியைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பிரதியைத் தவறுதலாக வெளியே கொடுத்துவிடக்கூடாது. இரண்டாவது, நீங்கள் சேர்த்த ஏதாவது ஆண்ட்ராய்டு செருகுநிரல் தன் அனுமதிகளையும் இறுதிக் கோப்பில் கலந்துவிடும். விளம்பரச் செருகுநிரல்கள் இப்படித்தான் விளம்பர அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதியையும் கொண்டுவருகின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் உள்ள ஏபிகே அனலைசரில் கோப்பைத் திறந்தால் அனுமதிப் பட்டியல் தெளிவாகத் தெரியும். 2017 முதல் பிரான்சில் இயங்கும் எக்ஸோடஸ் பிரைவசி என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் செயலி, போனில் உள்ள செயலிகளில் இருக்கும் கண்காணிப்பு நிரல்களையும் அனுமதிகளையும் காட்டும். போனின் இணையத் தொடர்புகளைப் பதிவு செய்வதும், ரூட் செய்யாத (அமைப்புப் பூட்டைத் திறக்காத) போனிலும் வேலை செய்வதுமான பிசாப்டிராய்டு செயலியை இயக்கிவிட்டு, உங்கள் விளையாட்டை அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அதன் பெயரில் ஓர் இணைப்புக்கூடப் பதிவாகக் கூடாது.

ஒரு சந்து மட்டும் மீதமிருக்கிறது. இன்டர்நெட் அனுமதி இல்லாத செயலியும், ஒரு முகவரியைக் கொடுத்து உலாவியைத் திறக்கச் சொல்லலாம். அந்த முகவரியின் வாலில் எதையும் ஒட்டி அனுப்ப முடியும். ஆகவே "மூலநிரலைப் பார்க்க" என்ற பொத்தான் வைத்தால், எல்லாருக்கும் ஒரே முகவரியாக, வால் எதுவும் இல்லாமல் வையுங்கள். விளையாட்டு தானாக உலாவியை ஒருபோதும் திறக்கக்கூடாது.

கண்காணிக்காமல் கற்றுக்கொள்ளுதல்

விளையாடுபவர்கள் எந்த மலையில் தடுமாறுகிறார்கள், எப்போது சலித்து விலகுகிறார்கள் என்பது தெரியாமல் விளையாட்டைச் செம்மைப்படுத்த முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கான வழி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. விளையாட்டைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல், கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்த வாசகத்தை வாசிக்காமல் தாண்டுகிறார், எங்கே முகம் மலர்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரச் சேவையும் சொல்லாது. கொழுந்து பறித்த அனுபவமுள்ள அக்கா ஒருவர், கூடை நிறையும் வேகம் பொய்யாக இருக்கிறது என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். அத்தகைய ஒரு வாக்கியத்துக்கு ஆயிரம் பேரின் பதிவுகள் ஈடாகா.

தொலைவில் இருப்பவர்களுக்காக விளையாட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் வைக்கலாம்: எந்த மலையை எத்தனை முறை முயன்றார், எவ்வளவு நேரம் எடுத்தார் என்ற கணக்கு அவர் போனிலேயே சேரட்டும்; அதை அவர் பார்க்கவும் அழிக்கவும் முடியட்டும். விரும்பினால் திரையைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார். கணினிப் பதிப்பையும் வெளியிட்டால், கொடோ இயல்பாகவே ஒரு பதிவுக் கோப்பை எழுதும் என்பதை அறிந்திருங்கள். அதில் கிராபிக்ஸ் அட்டையின் பெயர் இருக்கும், பிழைச் செய்திகளில் கோப்புப் பாதையோடு கணினிப் பயனரின் பெயரும் வந்துவிடலாம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

விநியோகம்

எஃப்டிராய்டு நம் நோக்கத்துக்கு மிகப் பொருந்தும். 2010 இல் தொடங்கிய இந்தக் களஞ்சியம், திறந்த உரிமமுள்ள செயலிகளை மட்டும் ஏற்று, மூலநிரலிலிருந்து தானே கட்டி வெளியிடுகிறது; இறக்குபவருக்குக் கணக்குத் தேவையில்லை. விளம்பரம், கண்காணிப்பு போன்ற குறைகள் இருந்தால் அதை முகப்பிலேயே எழுதிவிடும். நிரலுக்கு ஜிபிஎல் உரிமமும், படத்துக்கும் ஒலிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் கொடுத்தால் அங்கே போகலாம். காசு வேண்டுமானால், இட்ச் ஐஓ என்ற விளையாட்டு வெளியீட்டுத் தளத்தில் விரும்பிய விலை முறையில் வைக்கலாம். அங்கே தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் உருவாக்குபவரே தீர்மானிக்கிறார்.

கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒருமுறை 25 டொலர். எந்தத் தகவலையும் சேகரிக்காத செயலியும் அங்கே தரவுப் பாதுகாப்புப் படிவத்தை நிரப்பி, தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பையும் தர வேண்டும். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்குகளுக்கு, பொதுவில் வெளியிடும் முன் மூடிய சோதனை ஒன்றை 14 நாள் நடத்தும் நிபந்தனையும் உண்டு. உருவாக்குபவரின் சட்டப்படியான பெயர் அங்கே காட்டப்படும். இதை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. நான் எஃப்டிராய்டையே முதலில் வைப்பேன்.

கையிலிருந்து கைக்கு ஏபிகே கொடுப்பதும் நம் ஊரில் நடக்கும். நிறுவும்போது போன் "அறியப்படாத மூலம்" என்று எச்சரிக்கும்; அனுமதித்து நிறுவியபின் அந்த அனுமதியை மீண்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். கோட்பெர்க் பக்கத்தில் கோப்பின் ஷா 256 எண்ணையும் (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எழுதி வைத்தால், இடையில் எவரேனும் விளம்பரத்தைச் செருகிய போலியைக் கண்டுபிடிக்கலாம். 2025 ஓகஸ்டில் கூகுள், சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் செயலிகளின் உருவாக்குநர்கள் பிளேக்கு வெளியே விநியோகித்தாலும் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2026 இல் சில நாடுகளில் தொடங்குவதாகவும் சொன்னது. சிறிய உருவாக்குநர்கள் இதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

தனியுரிமைக் குறிப்பைத் தமிழில், ஒரு திரைக்குள் அடங்குமாறு எழுதுங்கள். "இந்த விளையாட்டுக்கு இணைய அனுமதி இல்லை. உங்கள் சேமிப்பு இந்தப் போனில் மட்டும் இருக்கிறது. செயலியை நீக்கினால் அதுவும் நீங்கிவிடும்" என்ற மூன்று வாக்கியமே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். வாசிக்கும் அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்பதால் சட்ட மொழி வேண்டாம். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்தால் நல்லது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களிடம் எதுவும் வந்து சேராதவரை நீங்கள் காக்க வேண்டிய தரவும் இல்லை. ஆனால் விளையாடுபவர்கள் உங்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் பெயரும் முகவரியும் இருக்கும். பதில் எழுதி, பிழையைத் திருத்திய பின் அவற்றை அழித்துவிடுங்கள்.

பின்னர் புதிய பதிப்புகள் வரும். கொடோவைப் புதுப்பிக்கும்போதும், ஒரு செருகுநிரலைச் சேர்க்கும்போதும், வெளியிடும் முன் ஏபிகேயை அனலைசரில் மீண்டும் திறந்து, அனுமதிப் பட்டியலை முந்தியதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு வரி இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டறியும்வரை அந்தப் பதிப்பை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.